டென்னிஸ் களத்தின் கோடுகள்: ஒரு கெஜக் கணக்கு

டென்னிஸ் களத்தின் அளவை மீட்டரில் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. நீளம் 23.77. அகலம் 8.23. இரட்டையர் ஆட்டம் என்றால் 10.97. வலையிலிருந்து சர்வீஸ் கோடு 6.40. நாங்கள் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். எங்களுக்கு அடியும் அங்குலமும் வெள்ளைக்காரன் சமாச்சாரம், அதாவது பக்கத்து ஊர் இங்கிலீஷ்காரன் சமாச்சாரம். உலகத்தில் உள்ள எல்லாம் மீட்டருக்குள் ஒழுங்காக அடங்கும் என்றுதான் எங்கள் வாத்தியார்கள் நம்பினார்கள். விளையாட்டு வாத்தியார் கரும்பலகையில் இந்த எண்களை எழுதிப் போட்டபோது, ஏன் முசியே, 24 மீட்டர் என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு பையன் கேட்டான். அப்படித்தான், எழுதிக்கொள் என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

பல வருஷம் கழித்து அரசு வேலையில் அடியும் அங்குலமும் என் வயிற்றுப்பாடு ஆனபோதுதான் பதில் கிடைத்தது. இது கெஜக் கணக்கு. மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, துணிக்கடைக்காரர் கையில் இருக்கும் கெஜக்கோலை எடுத்துப் பாருங்கள். நீளம் 26 கெஜம். ஒற்றையர் அகலம் 9 கெஜம். இரட்டையர் அகலம் 12 கெஜம். நடுவில் வலை. வலையிலிருந்து 7 கெஜத்தில் சர்வீஸ் கோடு, அங்கிருந்து 6 கெஜத்தில் கடைசிக் கோடு. ஏழும் ஆறும் பதின்மூன்று, இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தாறு. வலையின் நடு உயரம் ஒரு கெஜம். வலைக்கம்பம் களத்துக்கு வெளியே ஒரு கெஜம் தள்ளி. நம் வீட்டுப் பெரியம்மாக்களின் ஒன்பது கெஜம் புடவையை ஒற்றையர் களத்தில் குறுக்கே விரித்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கச்சிதமாக இருக்கும். இப்படிச் சொன்னால் மறக்காது, சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

கெஜம் இங்கிலீஷ்காரனுடையது என்றாலும் ஆட்டத்தின் வேர் அவனுடையது அல்ல. இதை நான் பிரெஞ்சுப் பாசத்தில் சொல்லவில்லை, ஆட்டத்தில் புழங்கும் வார்த்தைகளே சொல்லுகின்றன. டென்னிஸ் என்பது 'தெனே' என்ற பிரெஞ்சுச் சொல். 'இந்தாருங்கள், பிடியுங்கள்' என்று பொருள். பந்து போடுகிறவர் எதிராளியை எச்சரிக்கக் கூப்பிட்ட குரல். டியூஸ் என்பது 'ஆ தெ', அதாவது இன்னும் இரண்டு பாக்கி. கோர்ட் என்பதும் பழைய பிரெஞ்சில் முற்றத்தைக் குறிக்கும் சொல்தான். இங்கிலீஷ்காரன் அதை வாங்கிக்கொண்டு போய் நூற்றாண்டுகள் வைத்திருந்து, டென்னிஸோடு சேர்த்து எங்களுக்கே திருப்பிக் கொடுத்தான். இன்று பிரெஞ்சுக்காரர்கள் களத்தை 'கூர்' என்று சொல்லும்போது, தங்கள் வீட்டிலிருந்து கடன் போன சொல் வட்டியோடு திரும்பி வந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ. பூஜ்ஜியத்தை 'லவ்' என்பதற்கு முட்டை என்ற பிரெஞ்சுச் சொல்தான் மூலம் என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் பூஜ்ஜியத்தை பூஜ்ஜியம் என்றுதான் சொல்கிறார்கள்.

பழைய ஆட்டத்தின் பெயர் 'ழே த போம்'. உள்ளங்கை ஆட்டம். முதலில் வெறுங்கையால் அடித்தார்கள், பிறகு கையுறை, பிறகு மட்டை. நான்கு சுவருக்குள், கூரைக்குக் கீழே ஆடிய ஆட்டம். பந்து சுவரில் பட்டுத் திரும்பலாம், ஓரத்தில் உள்ள சாய்ப்புக் கூரையில் உருண்டும் வரலாம். பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து என்ற எண்ணிக்கை அங்கேதான் பிறந்தது, நாற்பத்தைந்து பின்னால் நாற்பதாகச் சுருங்கியது. வலை இரண்டு ஓரங்களிலும் 5 அடி உயரம், நடுவில் தொங்கி 3 அடி. இன்றைய வலை நடுவில் தாழ்ந்திருப்பது எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்தத் தளத்தின் கோடுகள்தான் வேடிக்கையானவை. வலைக்கு இணையாகக் குறுக்கே பல கோடுகள், ஒவ்வொன்றுக்கும் எண். இன்றைய ஆட்டத்தில் பந்து இரண்டாம் முறை தரையில் பட்டால் புள்ளி போச்சு. அங்கே உடனே போகாது. எந்தக் கோட்டருகே இரண்டாம் முறை பட்டதோ அதைக் குறித்து வைப்பார்கள். அதற்கு 'ஷாஸ்' என்று பெயர். பிறகு இருவரும் பக்கம் மாறி நிற்க வேண்டும். இப்போது மற்றவர் அடிக்கும் பந்து அந்தக் கோட்டையும் தாண்டிப் பின்சுவருக்கு அருகில் இரண்டாம் முறை விழுந்தால்தான் புள்ளி அவருக்கு. தீர்ப்பை ஒத்திவைத்து வாய்தா கொடுக்கிற ஆட்டம் என்று சொல்லலாம். இன்றைய கோட்டிடம் அப்படி வாய்தா வாங்க முடியாது. உள்ளே அல்லது வெளியே, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்துக்கான கூடம் ஒன்று வெர்சாய் நகரில் 1686-ல் கட்டப்பட்டது. பிரெஞ்சு வழியில் படித்த எவரும் அதை மறக்க முடியாது. 1789 ஜூன் 20. மூன்றாம் வகுப்புப் பிரதிநிதிகள், அதாவது பிரபுக்களும் பாதிரிமார்களும் அல்லாத மற்ற ஜனங்களின் பிரதிநிதிகள், வழக்கமாகக் கூடும் மண்டபத்துக்கு வந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. காவலுக்குச் சொல்தாக்கள். மழை வேறு. எங்கே போவது என்று நின்றபோது, பக்கத்தில் பந்தாட்டக் கூடம் இருக்கிறது, அங்கே போகலாம் என்று யோசனை சொன்னவர் ஒரு டாக்டர். அவர் பெயர் கியோத்தேன். ஆம், பின்னாளில் அவர் பெயரால்தான் அந்தத் தலைவெட்டும் இயந்திரம் அழைக்கப்பட்டது. நாற்காலி பெஞ்சு எதுவும் இல்லாத அந்தக் கூடத்தில், தலைவர் பாய்யி மேசை மீது ஏறி நிற்க, நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் அமையும் வரை பிரிய மாட்டோம் என்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சத்தியம் செய்தார்கள். ஒரே ஒருவர், மார்த்தேன் தோஷ், மறுத்தார். அவரை அடித்து விரட்டவில்லை. அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'எதிர்ப்பவர்' என்று குறித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சத்தியத்தைவிட இந்தக் குறிப்புதான் பெரிசாகப் படுகிறது. கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும் போலும். தாவீத் என்ற ஓவியர் அந்தக் காட்சியை வரைந்து 1791-ல் காட்சிக்கு வைத்தார். அதைப் பெரிய ஓவியமாக்கும் வேலை முடியவே இல்லை, ஏனென்றால் அதில் இருந்தவர்களில் பலர் சீக்கிரமே துரோகிகள் ஆகிவிட்டார்கள். அந்தக் கூடம் இன்றும் நிற்கிறது.

இனி இங்கிலாந்து. கூரைக்குள் இருந்த ஆட்டம் புல்வெளிக்கு வர இரண்டு சாமான்கள் தேவைப்பட்டன. ஒன்று, புல்லை ஒரே மட்டமாக வெட்டும் இயந்திரம். அதை எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் காப்புரிமை பெற்றுச் செய்தார். இன்னொன்று, புல்லில் விழுந்தாலும் எழும்பும் ரப்பர் பந்து. இரண்டும் வந்த பிறகு, வால்டர் விங்ஃபீல்ட் என்ற மேஜர் 1874-ல் தன் ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கி, பந்து, மட்டை, வலை, கம்பம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு 5 கினிக்கு விற்றார். 'ஸ்ஃபைரிஸ்டிகே' என்று வாயில் நுழையாத கிரேக்கப் பெயர் வேறு வைத்தார். அவருடைய களம் நீள்சதுரம் அல்ல. நம் பூசாரி கையில் இருக்கும் உடுக்கை மாதிரி, இரண்டு முனையிலும் அகலம், நடுவில் வலை இருக்கும் இடத்தில் ஒடுக்கம். பழைய ஆட்டத்திலிருந்து வேறுபட்டதாகக் காட்டினால்தானே காப்புரிமை கிடைக்கும் என்பது என் ஊகம்.

1875-ல் லண்டனின் எம்.சி.சி. கிரிக்கெட் கிளப் முதல் பொது விதிகளை வகுத்தபோதும் உடுக்கை போகவில்லை. நீளம் 78 அடி, முனைகளில் 30 அடி, வலையருகே 24 அடி. இரண்டு வருஷம் கழித்து விம்பிள்டனில் முதல் போட்டி. அப்போது அந்தக் கிளப் வொர்ப்பிள் சாலையில் இருந்தது, குரோக்கே ஆட்டத்துக்காகத் தொடங்கப்பட்டது. மூன்று பேர் உட்கார்ந்து விதி எழுதினார்கள். அவர்களில் ஹென்றி ஜோன்ஸ் என்பவர் 'விஸ்ட்' சீட்டாட்டத்தில் பெரிய நிபுணர், 'கேவண்டிஷ்' என்ற புனைபெயரில் புத்தகம் எழுதியவர். அவர்கள் உடுக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேர்கோட்டு நீள்சதுரத்துக்கு வந்தார்கள். நீளம் அதே 78 அடி, அகலம் 27 அடி. முப்பதையும் இருபத்து நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், கணக்கு ஒத்துப்போகிறது. 1877-ல் போட்ட இந்த இரண்டு அளவும் இன்றுவரை மாறவில்லை. பிளேன் வந்தது, ராக்கெட் வந்தது, மட்டை மரத்திலிருந்து கார்பனுக்குப் போனது. 78-க்கு 27 அப்படியே இருக்கிறது.

மாறியது வலையும் சர்வீஸ் கோடும். 1877-ல் வலை கம்பத்தருகே 5 அடி, நடுவில் 3 அடி 3 அங்குலம். சர்வீஸ் கோடு வலையிலிருந்து 26 அடி. இதில் என்ன ஆயிற்று என்றால், அந்த வருஷம் ஜெயித்த ஸ்பென்சர் கோர் வலையருகே போய் நின்றுகொண்டு, பந்து தரையில் படுமுன்னரே தட்டிவிட்டார். ஓரமாகக் கடத்தலாம் என்றால் ஓரத்தில் வலை ஐந்தடி உயரம், சுவர் மாதிரி. நடுவில் தாழ்வாக அடித்தால் அங்கே கோர் நிற்கிறார். எதிராளிக்கு வழியே இல்லை. மறு வருஷம் அவரை வீழ்த்தியவர் ஃபிராங்க் ஹாடோ. இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர், விடுமுறைக்கு ஊர் போயிருந்தார். கோரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு, பின்னால் ஓடவிட்டே ஜெயித்தார். பட்டத்தைக் காப்பாற்ற மறு வருஷம் வரவில்லை, தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். அந்த நாள் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து போன கூலிகள். விம்பிள்டன் கோப்பைக்குப் பின்னால் யார் யார் வியர்வை இருக்கிறது பாருங்கள்.

கம்பத்து உயரத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1882-ல் மூன்றரை அடிக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் 3 அடி. சர்வீஸ் கோடு அதற்குள் 21 அடிக்கு வந்துவிட்டது. ஓரம் திறந்தது, வலையருகே நிற்பவர் இரண்டு பக்கமும் பயப்பட வேண்டியதாயிற்று. சர்வீஸ் போடுகிறவருக்கும் கட்டம் சிறுத்தது. அடிக்கிறவனுக்கும் தடுக்கிறவனுக்கும் நியாயமாகப் பங்கு பிரித்துக் கொடுத்த அளவு இது. யாரோ ஒரே ராத்திரியில் உட்கார்ந்து யோசித்ததல்ல. ஐந்து வருஷம் ஆடி ஆடிப் பார்த்துத் திருத்தியது.

இரட்டையர் ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் நாலரை அடி சேர்க்கிறோமே, அதை இங்கிலீஷில் சந்து என்கிறார்கள். பிரெஞ்சில் 'குலுவார்', வீட்டு நடை. ஆடும்போது பார்த்தால் நடைதான் பொருத்தம். சர்வீஸ் மட்டும் அந்த நடையில் விழக்கூடாது, இரட்டையரானாலும் சர்வீஸ் கட்டம் ஒற்றையர் அகலம்தான். கடைசிக் கோட்டின் நடுவில் 4 அங்குலத்துக்கு ஒரு சின்னக் கோடு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். சர்வீஸ் போடுகிறவர் அதற்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளம். இரட்டையர் வலை கட்டிய களத்தில் ஒற்றையர் ஆடினால் வலைக்கு இரண்டு முட்டுக்கோல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றையர் கோட்டுக்கு வெளியே 3 அடியில் வலையை மூன்றரை அடிக்கு உயர்த்திப் பிடிக்க அது. இல்லையென்றால் ஓரத்தில் வலை தாழ்ந்து போகும்.

எல்லாக் கோட்டையும் கூட்டினால் எவ்வளவு வரும்? கடைசிக் கோடுகள் 72 அடி. நீளக் கோடுகள் நான்கு, 312 அடி. சர்வீஸ் கோடுகள் 54. நடுக்கோடு 42. மொத்தம் 480 அடி, சுத்தமாக 160 கெஜம். இந்த எண் எனக்கு எப்படி மனப்பாடம் என்றால், எண்பதுகளில் ஒரு அரசுக் குடியிருப்பில் சிமெண்டுத் தளம் போட்டு டென்னிஸ் களம் அமைத்தார்கள். கோடு வரைந்த பில் என் மேசைக்கு வந்தது. அளவுப் புத்தகத்தில் 484 அடி என்று இருந்தது. நாலடிக்கு என்ன பெரிய பணம் என்று தள்ளிவிடலாம். ஆனால் பெயிண்டைத் திருடுகிறவன் நாலடியா திருடுவான்? அதனால் அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஒப்பந்தக்காரரின் ஆள் எல்லா அளவையும் கோட்டின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு எடுத்திருந்தார். கடைசிக் கோடுகள் 4 அங்குல கனம், மற்றவை 2 அங்குலம். ஆக நீளம் 78 அடி 8 அங்குலம், ஒற்றையர் அகலம் 27 அடி 4 அங்குலம், இரட்டையர் 36 அடி 4 அங்குலம். கூட்டினால் சரியாக 484.

விதி என்ன சொல்கிறது என்றால், அளவெல்லாம் கோட்டின் வெளிவிளிம்பு வரை. ஏனென்றால் பந்து கோட்டைத் தொட்டாலே உள்ளே. கோடு களத்தின் பகுதி. நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன், பில் நின்றது. மறுநாள் கோடு வரைந்த பெயிண்டர் வந்து வராந்தாவில் நின்றார். பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. ஒப்பந்தக்காரர், பில் பாஸானால்தான் கூலி என்று சொல்லியிருக்கிறார்.

"ஐயா, கோடு கொஞ்சம் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்னய்யா? ஆடப் போறவங்களுக்குத் தெரியவா போவுது?"

"நீங்க வீடு கட்டுற எடத்துல எல்லாம் வேல பாத்திருப்பீங்க. கட்டடப் பரப்பு போடும்போது செவுத்தோட கனத்தச் சேப்பாங்களா, மாட்டாங்களா?"

"சேப்பாங்கய்யா. வெளிச்செவுத்துலேர்ந்து வெளிச்செவுத்துக்கு."

"இதுவும் அப்படித்தான். கோடுதான் செவுரு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பேனே" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? சொல்ல வேண்டியவர் படத்தை அனுப்பினாரே தவிர விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தவறு பெயிண்டருடையது இல்லை என்று கோப்பில் தனியாக எழுதி, பழைய கோட்டை அழித்து மறுபடி போடும் செலவு ஒப்பந்தக்காரரையே சேரும், ஆனால் செய்த வேலைக்கான கூலியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று குறிப்பு வைத்தேன். என் மேலதிகாரி நல்லவர், கையெழுத்துப் போட்டார். பெயிண்டருக்கு போகிக்கு முதல் நாள் பணம் போய்ச் சேர்ந்தது. கோட்டை மறுபடி வரைந்தபோது நானும் இருந்தேன். அன்று கற்றுக்கொண்டது இன்னொன்று. மூலைமட்டம் பார்க்க அவர் பெரிய கருவி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வலையடியில் 27 அடிக்கு இரண்டு ஆணி. ஓர் ஆணியிலிருந்து 39 அடிக் கயிறு, எதிர் ஆணியிலிருந்து 47 அடி 5¼ அங்குலக் கயிறு. இரண்டும் சந்திக்கிற இடம்தான் மூலை. கொத்தனார்கள் மூன்று, நான்கு, ஐந்து என்று வைத்துப் பார்க்கிற அதே கணக்கு.

மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்கே அளந்தால் ஒற்றையர் களம் 82½ அடி வருகிறது. நேராக அடித்தால் 78. ஆகவே குறுக்கே அடிக்கிறவருக்கு நாலரை அடி கூடுதல் இடம், தவிர பந்து தாண்டுவது வலையின் தாழ்ந்த நடுப்பகுதியை. நேராக அடிக்கிறவர் குறைந்த இடத்தில், உயர்ந்த வலைக்கு மேலே அடிக்க வேண்டும். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். பலத்தால் அல்ல, இந்தக் கோணங்களை வைத்துத்தான் அவர் ஆடினார். இரண்டு முறையும் அவரை வென்ற நீல் ஃபிரேசரும் ராட் லேவரும் அந்தந்த வருஷத்துப் பட்டத்தையே வென்றார்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டி வைத்திருந்த நண்பர்கள் நம் வாசகர்களில் சிலர் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

இப்போது கோட்டைப் பார்ப்பது கேமரா. விம்பிள்டனில் 2025 முதல் கோட்டு நடுவர்களே இல்லை. குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வேலை போயிற்று. பாரிஸில், ரோலான் காரோ மைதானத்தில், அந்த வருஷமும் மனிதர்கள்தான் நின்றார்கள். ரோலான் காரோ ஒரு டென்னிஸ்காரர் என்று பலர் நினைக்கிறார்கள், அவர் விமானி. 1913-ல் மத்தியதரைக் கடலை முதலில் பறந்து கடந்தவர், 1918-ல் போரில் இறந்தார். பிறந்தது ரெயூனியோன் தீவில், சிறு வயதில் வளர்ந்தது சைகோனில். இரண்டு ஊரிலும் நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குச் சொந்தம் உண்டு. அந்த மைதானத்தில் சுண்ணாம்புக்கல் அடுக்கின் மேல் செங்கல் தூள் மெல்லிசாகத் தூவியிருக்கும். பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். சந்தேகம் வந்தால் நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி நடந்து வந்து, குனிந்து, தடத்துக்கும் கோட்டுக்கும் நடுவே சிவப்பு மண் தெரிகிறதா என்று விரலால் சுட்டிப் பார்ப்பார். ஆட்டக்காரர்கள் இருவரும் பக்கத்தில் நின்று காத்திருப்பார்கள்.